நெற்றியில் வைத்த துரு

எண்பதுகளின் தொடக்கம். மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, காலையில் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து எழுமலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்வந்த காலம். சாலைகளையும் சின்னப் பாலங்களையும் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் நான் ஜூனியர் இன்ஜினியர். புரொபேஷன் முடிய இன்னும் சில மாதங்கள் பாக்கி இருந்தன. அந்தப் பக்கத்து ஆட்கள் அதுவரை பேன்ட் போட்ட ஓவர்சீயர்களைத்தான் பார்த்திருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டேப் பிடித்து நிற்கும் பெண்ணை என்னவென்று கூப்பிடுவது என்று சாலை வேலை பார்க்கும் கேங் ஆட்களுக்குத் தெரியவில்லை. 'சார்' என்றும் சொல்ல முடியாமல், 'அம்மா' என்றும் சொல்ல வராமல், இரண்டையும் ஒட்டவைத்து 'சாரம்மா' ஆக்கிவிட்டார்கள். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் மூக்குக்கு மேலே வரும்.

என் பொறுப்பில் ஓர் இரும்புப் பாலம் இருந்தது. பெரிய பாலமெல்லாம் இல்லை, ஓர் ஓடையைத் தாண்டுகிற பாலம்தான். பழைய கல்பாலம் வெள்ளத்தில் போன பிறகு, இரும்புத் தகடுகளை வெல்டிங் வைத்து ஒட்டி, நீளநீளமான பீம்கள் செய்து, அவசரமாகக் கட்டியது. கட்டின காலத்தில் அதன்மேல் மாட்டு வண்டிகளும் நாளைக்கு நாலு தடவை பஸ்ஸும் போயின. நான் வேலைக்கு வந்தபோது நிலைமை மாறிவிட்டது. பக்கத்துக் கரட்டுக் குன்றில் பத்து வருஷமாகக் கல்குவாரி ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எங்கே போகிறது அம்புட்டுக் கல்லும் என்று கேட்டால், எங்கள் கே.கே. நகருக்குத்தான். நான் குடியிருந்த தெருவிலேயே மூன்று வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாலை வேலை செய்யும் கேங்குக்கு அந்தப் பாலத்தின் அடிதான் நிழல். ஓடையில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் கிடையாது. மத்தியானம் அங்கேதான் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள், அங்கேதான் கடப்பாரையும் மண்வெட்டியும் சாத்திவைப்பார்கள். அதனால் ஆயுத பூஜையும் அங்கேதான். நான் சேர்ந்த முதல் வருஷம் என்னையும் கூப்பிட்டார்கள். தார் காய்ச்சும் அண்டாவுக்கும் கடப்பாரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, மேஸ்திரி தலைக்கு மேலே இருந்த பீமுக்கும் தடவினார். ஓடையின் ஓரத்தில் மணல் மேடிட்டிருந்த இடத்தில் நின்றால் பீம் கைக்கு எட்டும். "நமக்கு நெழல் குடுக்குதுல்ல சாரம்மா, அதுக்கும் ஒரு பொட்டு" என்றார். பொரியும் கடலையும் தின்றுகொண்டே நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று நான் லீவில் இருந்தேன். அது முடிந்து ஒரு வாரம் கழித்து, பாலத்தை வருஷாந்தரம் சோதிக்கும் வேலை வந்தது. அன்றைக்குக் கேங் வேறு சாலையில் இருந்தது. நான் தனியாகத்தான் போனேன். மேலே பார்த்தேன், தூண்களைப் பார்த்தேன், கடைசியில் அடியில் வந்து பீம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நடு பீமின் அடியில் பலத்துக்காக இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். அந்தத் தகடு முடிகிற இடத்தில், சாம்பல் நிறப் பெயின்ட்டின் மேல், சிவப்பாக ஒரு தீற்று. ஒரு விரல் அகலம், அதிலிருந்து கீழே கொஞ்சம் வழிந்த மாதிரி.

பூஜைக் குங்குமம் என்று நினைத்தேன். போன வருஷம் மேஸ்திரி கை நீட்டித் தடவிய அதே இடம். நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விரலால் தொட்டேன், பொடி ஒட்டியது, அதை நெற்றியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கருத்த குங்குமமாக இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கினார்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு நோட்டை எடுத்து, பாலத்தின் நிலை 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று முழுக்க அந்தப் பொட்டோடுதான் பஸ்ஸில் போனேன், வந்தேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் வெளுத்து வாங்கியது. மழை விட்டதும், பாலத்தின் வாயில் அடைத்துக் கிடந்த முள்ளையும் குப்பையையும் எடுக்கக் கேங்கோடு போனேன். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். அடியில் நுழைந்து தற்செயலாக நிமிர்ந்தால், அந்தத் தீற்று அங்கேயே இருக்கிறது. மழைத் தண்ணீர் பீமெல்லாம் வழிந்து ஓடிய தடம் தெரிகிறது. அந்த ஒரு இடம் மட்டும் சிவப்பு. போன தடவையைவிட நீளம் வேறு.

கேங்கில் என் வயசுக்காரி ஒருத்தி இருந்தாள். தார்ச் சட்டி தூக்குகிறவள், வாயில் எனக்குச் சளைத்தவள் இல்லை. அவளைக் கூப்பிட்டு, "ஏத்தா, மழைக்கப்புறமும் வந்து குங்குமம் வச்சீங்களா? பக்தி ரொம்பத்தான் முத்திப்போச்சு" என்று கேலி செய்தேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னா சாரம்மா சொல்றீங்க? மேஸ்திரியோட அண்ணன் ஆவணியில செத்துப்போனாருல்ல. துக்கம் விழுந்த வருசத்துல நாங்க எங்குட்டு பூசை போட்டோம்? இந்த வருசம் ஒரு பொட்டுகூட வைக்கல."

மேஸ்திரியின் அண்ணன் செத்தது எனக்கும் தெரியும். கேதத்துக்கு நானும் போயிருந்தேன். அவர் வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல நாள் பெரிய நாள் கிடையாது என்பது இந்த ஜில்லாவில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். பீமைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை, அம்புட்டுதான். பொரி தின்ற ஞாபகம் மட்டும் வந்திருக்கிறது.

கம்பி பிரஷ்ஷை வாங்கி அந்த இடத்தைத் தேய்த்தேன். பெயின்ட் போனதும், வெல்டிங் முடிகிற விளிம்பை ஒட்டி, தலைமயிர் மாதிரி ஒரு கோடு. கண்ணுக்கு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மேலே ஒரு கல் லாரி வந்தது. பாலம் அதிர்ந்தபோது, என் விரலுக்கு அடியில் அந்தக் கோடு திறந்து மூடியது. சத்தியமாகச் சொல்கிறேன், வாய் திறந்து மூடுவது மாதிரி இருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் சிவப்புப் பொடி உதிர்ந்தது. இரும்பும் இரும்பும் உரசி உரசி, துருவாகி வெளியே வருகிற பொடி. அதைத்தான் நான் நெற்றியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன்.

காலேஜில் படித்ததுதான். ஒரே தடவை பெரிய பாரம் ஏற்றி இரும்பை உடைப்பது கஷ்டம். தாங்கக்கூடிய பாரத்தையே லட்சம் தடவை ஏற்றி இறக்கினால் அது களைத்துப்போகும். முதலில் களைப்பது வெல்டிங் முடிகிற இடம். பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவள் நான். வாங்கி என்ன பிரயோஜனம்?

அன்று மத்தியானமே டவுனிலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஓடினேன். எங்கள் மேலதிகாரி கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதையும் நாளைக்குப் பார்க்கிற மனிதர். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஃபைலைத் திறந்து என் அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார். "ஒரு மாசத்துக்கு முன்னாடி நன்றுன்னு எழுதுனது யாரும்மா?"

"நான்தான் சார். தப்பா எழுதிட்டேன். துருவைக் குங்குமம்னு நினைச்சுட்டேன்."

அறையில் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பாலத்தை மூடுனா குவாரி நிக்கும், பஸ் நிக்கும். எனக்கு மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க. அந்த எடத்துல நல்லா பெயின்ட் அடிக்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் வந்து பாக்கறேன். இப்ப நீங்களே உங்க ரிப்போர்ட்டைத் தப்புன்னு எழுதிக் குடுத்தா மெமோ வரும். புரொபேஷன்ல இருக்கீங்க, யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். பஸ்ஸில் கே.கே. நகர் திரும்புகிறவரை யோசித்தேன். வேலை போனால் வீட்டுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் அரசு வேலைக்குப் போன முதல் ஆள் நான். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். அந்த பயம் லேசுப்பட்டது இல்லை. ஆனால் கண்ணை மூடினால், காலை முதல் பஸ்தான் வந்து நின்றது. நான் தினமும் போகிற பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டு வரைக்கும் தொங்கிக்கொண்டு வருவார்கள். காய்க்கூடை வைத்திருக்கும் பெண்கள் என் மடியில்தான் பாதிக் கூடையைச் சாய்ப்பார்கள். அடுத்த வாரம் வரைக்கும் அந்தக் கோடு காத்திருக்கும் என்று யார் சொல்வது? பெயின்ட் அடித்தால் கோடு மறையும், விரிசல் மறையுமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

மறுநாள் அதே முதல் பஸ்ஸில் ஏறினேன். பாலத்துக்கு நூறு அடி முன்னால் எழுந்து நின்று, கண்டக்டரை விசில் ஊதச் சொல்லி, வண்டியை நிறுத்தவைத்தேன். எல்லோரும் இறங்குங்கள், பாலத்தில் விரிசல் இருக்கிறது, பஸ் போகக்கூடாது என்றேன். கண்டக்டர் என்னைத் தின்றுவிடுவது மாதிரி பார்த்தார். "ஆர்டர் இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லை. நான் இருக்கேன். பஸ் போகணும்னா என்மேல ஏறித்தான் போகணும்" என்று சொல்லி இறங்கி, சாலைக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன்.

பாலத்தின் அந்தப் பக்கம் கேங் வேலைக்கு வந்திருந்தது. காலித் தார் டிரம்களைக் குறுக்கே உருட்டச் சொன்னேன். மேஸ்திரி தயங்கினார். அவருக்கும் வேலை முக்கியம், நான் குறை சொல்லவில்லை. தார்ச் சட்டிக்காரி யாரையும் கேட்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் டிரம்மை உருட்டினாள். "நேத்து நானுந்தான பாத்தேன், வாயத் தொறந்துகிட்டு கெடக்கு" என்று சத்தம் போட்டுக்கொண்டே இரண்டாவதையும் உருட்டினாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

பஸ் திரும்பிப்போனது. இறங்கிய ஜனங்கள் என்னைத் திட்டிக்கொண்டே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கி நடந்தார்கள். கல் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. முதல் லாரியின் டிரைவர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "பத்து வருசமா இதுல போறேன் வாரேன். ஒண்ணும் ஆகல. நேத்து வந்த பொம்பள நீ சொல்லி நிக்குமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேங் வைத்திருந்த கட்டுக் கம்பியில் ஒரு சாண் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதை இழுத்து அறுங்கண்ணே" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், அறுபடவில்லை. "இப்ப மடக்கி நிமித்துங்க. மறுபடி மடக்குங்க." ஏழெட்டுத் தடவை மடக்கினார். டக்கென்று ஒடிந்தது. "பத்து வருசமா போனீங்கள்ல, அதுதாண்ணே கோளாறு. ஒவ்வொரு தடவை போறப்பவும் ஒரு மடக்கு" என்றேன். அவர் ஒடிந்த கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்ற டிரைவர், "என்னா மாப்ள, ஆச்சா?" என்று கத்தினார். இவர் ஒடிந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குவாரியிலிருந்து யாரோ ஃபோன் போட்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு ஜீப்பில் எங்கள் மேலதிகாரி வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. யாரைக் கேட்டு மூடினீர்கள் என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நான் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தேன். ஒன்று, என் முந்தைய அறிக்கை தவறு என்று நானே எழுதியது. இன்னொன்று, பாலத்தை உடனே மூட வேண்டும் என்று எழுதியது. அவர் வாங்காமல், முதல் லாரியைக் காட்டி, "இது ஒண்ணு போகட்டும். ஒண்ணும் ஆகாது. டிரம்மை எடுங்க" என்றார்.

"சரி சார், போகட்டும். நீங்களும் நானும் அடியில நின்னு பாப்போம்" என்றேன். சொல்லிவிட்டு ஓடைக்குள் இறங்கி, அந்த பீமுக்கு நேர் கீழே போய் நின்றேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். ஆத்திரம்தான் நிற்கவைத்தது. "வாங்க சார்" என்று அங்கிருந்து கூப்பிட்டேன். அவர் சாலை ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தார். இறங்கவும் இல்லை, போகவும் இல்லை.

அப்போது அந்த மீசைக்கார டிரைவர் லாரியில் ஏறினார். என் உயிர் ஒரு நிமிஷம் போய்விட்டு வந்தது. அவர் சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். "அடியில ஒரு பொம்பளப் புள்ளைய நிக்கவச்சுக்கிட்டு ஓட்டுறதுக்கு நான் என்ன எமனா சார்? நான் ஓட்ட மாட்டேன். வேணும்னா நீங்க ஓட்டுங்க" என்று சாவியை அதிகாரியிடமே நீட்டினார்.

அதிகாரி சாவியை வாங்கவில்லை. நான் கீழிருந்தே பேசினேன். லாரி வேண்டாம், உங்கள் ஜீப் மட்டும் மெதுவாகப் போகட்டும், அதுவே போதும் என்றேன். தார் அடுப்புப் பற்றவைக்கக் கேங் வைத்திருந்த மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, அந்தக் கோட்டின்மேல் நன்றாகத் தடவி ஊறவிட்டேன். பிறகு ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, சாலைக் கற்களுக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை மேலே அப்பினேன். பீம் வெள்ளையாகிவிட்டது. இதற்குள் அதிகாரி வேட்டி மாதிரி பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அதை நான் இன்றைக்கும் அவர் கணக்கில் நல்லதாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஜீப் போனது, திரும்பி வந்தது. விரிசலுக்குள் ஊறியிருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக் கோடாக விழுந்தது. நான் நேற்றுக் கண்ணால் பார்த்தது இரண்டு விரல் நீளம். சுண்ணாம்பு காட்டியது ஒரு சாணுக்கு மேல். தகட்டின் ஒரு ஓரம் வரைக்கும் போய்விட்டிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, கழற்றி, மறுபடியும் போட்டுப் பார்த்தார். ஜீப் பானெட்டின் மேல் தாளை வைத்து, பாலத்தை மூடும் உத்தரவை அங்கேயே எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "மெமோ வரும்மா. தடுக்க முடியாது" என்றார் மெதுவாக.

"வரட்டும் சார்" என்றேன்.

வந்தது. முந்தைய சோதனையில் கவனக்குறைவு என்று மெமோ, புரொபேஷன் ஒரு வருஷம் நீட்டிப்பு. நான் மறுக்கவில்லை, அது என் தப்புக்கு வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். 'துருவைக் குங்குமம் என்று தவறாக எண்ணிவிட்டேன். பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்த பின் சும்மா இருக்கவில்லை' என்று மூன்றே வரி எழுதினேன். அலுவலகத்தில் எனக்குக் 'குங்கும இன்ஜினியர்' என்று பெயர் வந்து, திருப்பரங்குன்றத்துக்கு மாற்றலாகிப் போன பிறகும் கூடவே வந்தது. பாலம் நாலு மாதம் மூடிக் கிடந்தது. அந்த நாலு மாதமும் ஜனங்கள் ஓடையில் இறங்கி ஏறினார்கள், என் காதுபடவே என்னைத் திட்டினார்கள். பழுது பார்க்க வந்த வெல்டர் அந்தத் தகட்டை வெட்டி எடுத்தபோது பார்த்தால், அடித் தகட்டின் அகலத்தில் முக்கால்வாசி பிளந்திருந்தது. மீதியில்தான் அந்த முதல் பஸ் இத்தனை நாள் போய்வந்திருக்கிறது. திட்டினவர்கள் யாரும் வந்து நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், விழாத பாலத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அடுத்த வருஷம் மேஸ்திரி வீட்டுத் துக்கம் கழிந்து, கேங் பழையபடி பாலத்தடியில் ஆயுத பூஜை போட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். கடப்பாரைக்கும் அண்டாவுக்கும் சந்தனம் குங்குமம் இரண்டும் வைத்தார்கள். பீமுக்கு வரும்போது மேஸ்திரி தட்டோடு நின்று என் முகத்தைப் பார்த்தார். சந்தனம் மட்டும் போதும், இனி எந்த வருஷமும் இதில் சிவப்பு வைக்காதீர்கள், சிவப்பு தெரிந்தால் உடனே என்னிடம் ஓடி வாருங்கள் என்றேன். தலையாட்டினார். அந்தக் கேங் அதை ஒரு சாமி வழக்கம் மாதிரியே பிடித்துக்கொண்டது. தார்ச் சட்டிக்காரி குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் அழுத்தி வைத்து, "இது நெசக் குங்குமந்தான் சாரம்மா, வேணும்னா பிரஷ்ஷப் போட்டுத் தேச்சுப் பாத்துக்கங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த மெமோவைக் கிழிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஓடைக்குள் நின்றபோது ஒன்று முடிவு செய்தேன்: நான் போட்ட கையெழுத்து தப்பென்று தெரிந்தால் அதை அடித்துத் திருத்த யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, இன்றுவரை கேட்டதும் இல்லை.